கர்த்தருடைய யுத்தங்கள்: பழைய இஸ்ரவேலின் போர்க்களங்களில் தெய்வத் தலையீடு

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எருசலேமை மிரட்ட வந்த அசீரிய அரசன் சனகெரிபின் பாளயம் எங்கே இருந்தது என்பதைக் கண்டறிந்ததாகக் கூறும் தொல்லியல் கட்டுரை ஒன்று வெளியானது. லாகீஸ் நகர முற்றுகையைக் காட்டும் நினிவே அரண்மனைச் சிற்பத்தைப் பழைய நிழற்படங்களோடு பொருத்திப் பார்த்து, அதே வடிவமுடைய இடமொன்றை எருசலேமுக்கு அருகிலும் காட்டலாம் என்பதே அதன் வாதம். செய்தித் தலைப்புகளோ, கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்த இடம் கிடைத்துவிட்டது என்ற தொனியில் வந்தன. பாளயம் இருந்தது என்பதற்கும் தூதன் வந்தான் என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை அந்தத் தலைப்புகள் ஒரே எட்டில் தாண்டிவிட்டன.

இத்தகைய செய்திகளைப் படிப்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளில் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்: அது உண்மையில் நடந்ததா, அல்லது அதற்கு இயற்கையான விளக்கம் உண்டா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அந்தப் போர்க் கதைகளை எழுதியவர்களும் கேட்டவர்களும் வேறு கணக்கில் இருந்தார்கள். வெற்றி யாருடையது, தோல்விக்கு யார் பொறுப்பு, கொள்ளைப் பொருள் யாருக்குச் சேரும், எத்தனை பேரைப் போருக்கு அழைக்கலாம் என்பவை அவர்களுக்கு நடைமுறைக் கேள்விகளாக இருந்தன. தெய்வத் தலையீடு என்ற கருத்து இவற்றுக்கெல்லாம் விடை சொல்லியது. அந்த விடை எப்படி உருவாயிற்று, எங்கே நெருக்கடிக்கு உள்ளாயிற்று என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது. ஆட்பெயர்களும் நூற்பெயர்களும் பெரும்பாலும் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடியே தரப்படுகின்றன.

## முதலில் சில சொற்கள்

ஆய்வு நூல்களில் அடிக்கடி வரும் "புனிதப் போர்" என்ற தொடர் எபிரெய வேதத்தில் எங்குமே இல்லை. அது பிற்கால ஆய்வாளர்கள் இட்ட பெயர். 1951இல் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட், எக்காளம் ஊதுதல், வீரர்கள் தங்களைச் சுத்திகரித்தல், கர்த்தரிடம் விசாரித்தல், எதிரிக்குள் கலக்கம் உண்டாதல், கொள்ளையைத் தெய்வத்துக்கு ஒப்படைத்தல் ஆகியவற்றை ஒரே சடங்குமுறையின் படிகளாகக் கோத்துக் காட்டிய பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வேதம் பயன்படுத்தும் தொடர் "கர்த்தருடைய யுத்தங்கள்" என்பதுதான். எண்ணாகமம் 21ஆம் அதிகாரம் "கர்த்தருடைய யுத்த புஸ்தகம்" என்ற, இப்போது நம்மிடம் இல்லாத ஒரு நூலிலிருந்து சில வரிகளை எடுத்தாள்கிறது. அப்படியொரு தொகுப்பு இருந்தது என்பதே, போர்ப் பாடல்கள் தனி மரபாகப் பேணப்பட்டதைக் காட்டுகிறது.

இன்னும் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது உதவும்.

1. சேனைகளின் கர்த்தர். கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் இது "படைகளின் ஆண்டவர்" என்று வருகிறது. எந்தச் சேனை என்பது இடத்துக்கு இடம் மாறும்: இஸ்ரவேலின் காலாட்படையாகவும் இருக்கலாம், வானத்து நட்சத்திரங்களாகவும் இருக்கலாம், தூதர் கூட்டமாகவும் இருக்கலாம். பழைய பாடல்களில் இந்த மூன்றுக்கும் இடையே கோடு கிழிக்கப்படவில்லை.

2. மெஹூமா. எதிரிப் படைக்குள் திடீரெனப் பரவும் குழப்பத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல். தமிழ் வேதம் இதையும் இதையொத்த சொற்களையும் "கலங்கடித்தார்" போன்ற வினைகளால் தருகிறது. போர்க் கதைகளில் கர்த்தரின் முதன்மையான ஆயுதம் இடியோ நெருப்போ அல்ல, இந்தக் கலக்கமே.

3. ஹேரெம், தமிழில் சாபத்தீடு. வென்ற நகரமும் அதிலுள்ள பொருள்களும், சில இடங்களில் மனிதர் அனைவரும், தெய்வத்துக்குரியவை ஆகி அழிக்கப்பட வேண்டும் என்ற விதி. குழந்தைகள் உட்படக் கொல்லச் சொல்லும் கட்டளைகள் இதனுள் அடங்குவதால், இந்நூல்களில் இன்றைய வாசகரை மிகவும் தடுமாறச் செய்யும் சொல் இதுவே. மென்மையான மொழிபெயர்ப்பு எதுவும் அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்காது.

4. எலெஃப். "ஆயிரம்" என்று மொழிபெயர்க்கப்படும் இச்சொல்லுக்குக் குலப்பிரிவு, அதிலிருந்து வரும் போர்க்குழு என்ற பொருளும் உண்டு. ஆகவே பெரிய எண்களில் சில, குழுக்களின் எண்ணிக்கையாகத் தொடங்கியிருக்கலாம் என்று வாதிடுவோர் உள்ளனர். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் திறவுகோல் அல்ல.

## ஒரே போர், இரண்டு பதிவுகள்

தலையீடு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கண்கூடாகப் பார்க்க நியாயாதிபதிகள் நூலின் 4, 5ஆம் அதிகாரங்களைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை. இரண்டும் ஒரே போரைச் சொல்கின்றன. 4ஆம் அதிகாரம் உரைநடை. 5ஆம் அதிகாரம் தெபொராள் என்ற பெண் தீர்க்கதரிசியின் பாட்டு. பாட்டே மூத்தது என்பதும், எபிரெய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பகுதிகளில் அது ஒன்று என்பதும் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

உரைநடையில் தபோர் மலையிலிருந்து இஸ்ரவேலின் தளபதி பாராக் 10,000 பேரோடு இறங்குகிறான். நப்தலி, செபுலோன் என்ற இரண்டு கோத்திரங்களே வருகின்றன. எதிரே கானானியத் தளபதி சிசெராவின் 900 இருப்பு ரதங்கள். கர்த்தர் சிசெராவையும் அவன் ரதங்களையும் சேனையையும் கலங்கடிக்கிறார். சிசெரா ரதத்தை விட்டிறங்கிக் கால்நடையாய் ஓடுகிறான். ஏன் இறங்கினான், ஓடுவதற்கு ரதம் அல்லவா விரைவானது என்று கேட்டால், உரைநடையில் விடை இல்லை. மழை என்ற சொல்லே அங்கு இல்லை.

விடை பாட்டில் இருக்கிறது. பூமி அதிர்கிறது, மேகங்கள் தண்ணீரைச் சொரிகின்றன, நட்சத்திரங்கள் தங்கள் பாதைகளிலிருந்து சிசெராவோடு போரிடுகின்றன, கீசோன் நதி எதிரிகளை அடித்துக்கொண்டு போகிறது. கீசோன் பாயும் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் மண் கனமான களிமண். கோடையில் ரதம் ஓட்ட அதைவிடச் சிறந்த சமவெளி அந்நாட்டில் இல்லை. பெருமழைக்குப் பிறகு அதே நிலம் சக்கரங்களை விழுங்கும் சேறு. மலைநாட்டுக் காலாட்படைக்கு எதிராக ரதப்படைக்கு இருந்த ஒரே அனுகூலம் ஒரு மழையில் அழிந்தது. இதைப் பாடியவர்கள் "மழை பெய்தது" என்று சொல்லாமல் "நட்சத்திரங்கள் போரிட்டன" என்று சொன்னதை மிகையென்று தள்ளிவிடக் கூடாது. பண்டைய கானானில் நட்சத்திரங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் உகாரித் நகரக் களிமண் ஏடுகளிலும் தென்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் இதே போரைத் திருப்பிச் சொன்ன யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஆலங்கட்டி மழையும் எதிரிகளின் முகத்தில் அறைந்த காற்றும் என்று விவரத்தைக் கூட்டிக்கொண்டார்.

பாட்டில் இன்னொன்றும் உண்டு. பலரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அங்கே வந்த கோத்திரங்கள் பெயர் சொல்லிப் புகழப்படுகின்றன, வராத ரூபனும் கீலேயாத்தும் தாணும் ஆசேரும் இடித்துரைக்கப்படுகின்றன, மேரோஸ் என்ற ஊர் சபிக்கப்படுகிறது. அந்த ஊர் செய்த குற்றம், கர்த்தருக்குத் துணைநிற்க வராமல் இருந்தது. கர்த்தருக்கு மனிதர் துணையாக வர வேண்டும் என்ற இந்தப் பழைய மொழி, பிற்கால எழுத்தாளர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த சில நூற்றாண்டுகளில் போக்கு நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது: மனிதர் எவ்வளவு குறைவாகச் செய்கிறார்களோ அவ்வளவுக்கு அது கர்த்தருடைய யுத்தம்.

செங்கடல் நிகழ்விலும் இத்தகைய அடுக்குகளைக் காணலாம். யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் இரவு முழுவதும் வீசிய கீழ்க்காற்று கடலை ஒதுக்குகிறது என்ற வரியும், மோசே கையை நீட்டத் தண்ணீர் இருபுறமும் மதிலாய் நின்றது என்ற வரியும் அடுத்தடுத்து வருகின்றன. 15ஆம் அதிகாரத்துப் பழைய பாட்டிலோ கர்த்தர் குதிரையையும் குதிரைவீரனையும் கடலில் தள்ளினார் என்பதே மையம். காற்றா மதிலா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது நம் காலத்துக் கேள்வி. தொகுத்தவர் இரண்டையும் அருகருகே வைக்கத் தயங்கவில்லை.

## ஆட்களைக் குறைக்கும் தளபதி

மாறிய அந்தப் போக்கின் உச்சம் கிதியோனின் கதை. மீதியானியருக்கு எதிராக 32,000 பேர் திரள்கிறார்கள். "என் கை என்னை இரட்சித்தது" என்று இஸ்ரவேல் பெருமை பேசிவிடக்கூடும் என்பதால் ஆட்கள் அதிகம் என்று கர்த்தர் சொல்கிறார். பயந்தவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் திரும்பிவிடுகிறார்கள். மீந்த 10,000 பேரில் தண்ணீரைக் கையில் அள்ளி நக்கிக் குடித்த 300 பேர் மட்டும் நிறுத்தப்படுகிறார்கள். அந்த 300 பேரின் கையில் எக்காளமும், பானைக்குள் மறைத்த தீவட்டியும். நடுச்சாமக் காவல் மாறிய சற்றைக்குள் மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் பானைகள் உடைகின்றன, எதிரிகள் இருளில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள்.

படைத்துறையில் பழக்கமுள்ளவர்கள் இதை நல்ல இரவுத் தாக்குதல் திட்டம் என்பார்கள், அது சரியே. காவல் மாறும் வேளை, பெரும்படை என்ற தோற்றம், ஒலியால் வரும் குழப்பம் என்று எல்லாம் பொருந்துகின்றன. கதைசொல்லி இந்தத் தந்திரத்தை மறைக்கவும் இல்லை. அதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, வாள்களை ஒருவர்மேல் ஒருவர் ஓங்கச் செய்தவர் கர்த்தர் என்று முடிக்கிறார். ஒரே நிகழ்ச்சிக்கு இரு காரணங்கள் இருப்பது அவருக்கு முரண்பாடாகத் தெரியவில்லை.

இந்த எண்ணம் சட்டமாகவும் எழுதப்பட்டது. உபாகமம் 20ஆம் அதிகாரத்தின்படி, போருக்கு முன் ஆசாரியன் வந்து பயப்பட வேண்டாம் என்று பேச வேண்டும். பிறகு அதிகாரிகள், புதிய வீடு கட்டிக் குடிபுகாதவன், திராட்சத்தோட்டம் நட்டுப் பலன் காணாதவன், பெண்ணை நிச்சயித்து மணம் முடிக்காதவன், மனம் தளர்ந்தவன் ஆகியோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த நாட்டுச் சேனாபதியும் விரும்பிக் கையெழுத்திடக்கூடிய ஆணை அல்ல இது.

## ஆயலோனில் நின்ற சூரியன்

யோசுவா 10ஆம் அதிகாரத்தில், கிபியோனைக் காக்க இரவெல்லாம் நடந்து வந்த யோசுவாவின் படை ஐந்து எமோரிய அரசர்களைத் திடீரெனத் தாக்குகிறது. பெத்தொரோன் இறக்கத்தில் ஓடியவர்கள்மேல் வானத்திலிருந்து பெரிய கற்கள் விழுகின்றன. வாளால் இறந்தவர்களைவிட அந்த ஆலங்கட்டிகளால் இறந்தவர்களே அதிகம் என்று நூல் கூறுகிறது. அதன்பின் வருவதுதான் புகழ்பெற்ற வேண்டுதல்: சூரியன் கிபியோன்மேலும் சந்திரன் ஆயலோன் பள்ளத்தாக்கிலும் தரித்து நிற்கட்டும். இவ்வரிகள் யாசேரின் புத்தகம் என்ற இன்னொரு தொலைந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று யோசுவா நூலே சொல்கிறது. அதாவது முதலில் கவிதை, பிறகு அதற்கு உரைநடை விளக்கம்.

விளக்கங்கள் பல. பகல் நீண்டது என்பது உரைநடையே தரும் பொருள்; 1615இல் கலிலியோ, வேதத்துக்கும் வானியலுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில் இந்தப் பகுதியை எடுத்து வாதிட வேண்டியிருந்ததற்கும் அந்தப் பொருளே காரணம். "தோம்" என்ற எபிரெய வினைக்கு "அமைதியாக இரு" என்ற பொருளும் உண்டு என்பதால், ஒளி மங்கியதையே அது குறிக்கிறது என்றும், கி.மு. 1207 அக்டோபர் 30 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணமே அது என்றும் 2017இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டுப் பரவலாகச் செய்தியாயிற்று. இதில் எனக்கு ஒரு தடை உண்டு. கிரகணத்தில் சூரியனும் சந்திரனும் வானில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்; பாட்டோ சூரியனைக் கிழக்கே கிபியோன் மேலும் சந்திரனை மேற்கே ஆயலோன் மேலும் நிறுத்துகிறது. இரவு நடந்து வந்த படை விடியலில் காணக்கூடிய முழுநிலவு நாள் காட்சிக்கே அது பொருந்துகிறது. மாதத்தின் சரியான நாளில் சூரியனும் சந்திரனும் எதிரெதிரே தெரிவதை நன்னிமித்தமாகக் கொண்ட மெசொப்பொத்தாமிய நிமித்த நூல்களோடு இதை ஒப்பிடும் வாதம், கிரகண வாதத்தைவிடக் கவிதையின் சொற்களுக்கு நெருக்கமானது.

## பக்கத்து நாட்டுத் தெய்வங்களும் போரிட்டன

இந்தக் கதைகளை இஸ்ரவேலுக்கு மட்டுமே உரிய சிந்தனை என்று எண்ணுவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். 1972இல் மான்ஃப்ரெட் வைப்பெர்ட் என்ற அறிஞர் அசீரியக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டியபின், அந்த எண்ணத்தை அப்படியே வைத்திருப்பது கடினமாயிற்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் ஹிட்டைட் அரசன் இரண்டாம் முர்சிலி, புயல் தெய்வம் எறிந்த இடிக்கல் எதிரி அரசனின் நகரைத் தாக்கி அவன் முழங்கால்களை முடக்கியது என்று பதிவு செய்திருக்கிறான். கி.மு. 714ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி அசூர் தெய்வத்துக்கே கடிதமாக எழுதப்பட்ட இரண்டாம் சர்கோனின் அறிக்கையில், தப்பி ஓடியவர்களை அதாத் தெய்வம் பெருமழையாலும் ஆலங்கட்டியாலும் முடித்ததாக வருகிறது. பெத்தொரோன் இறக்கத்துக்கு இதைவிட நெருங்கிய இணை கிடைப்பது அரிது.

ஆனால் எல்லாவற்றிலும் மேலான ஒப்பீடு மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு. இன்றைய யோர்தானிலுள்ள தீபானில் 1868இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டு, இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒட்டிவைக்கப்பட்டிருக்கும் இந்தக் கருங்கல் கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் தர்க்கத்தை வரிசைப்படுத்தினால் இப்படி அமையும்:

1. இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான். காரணம், மோவாபின் தெய்வமாகிய காமோஸ் தன் நாட்டின்மேல் கோபங்கொண்டிருந்தார்.
2. கோபம் தணிந்ததும் காமோஸ் மேசாவிடம், "போய் நேபோவை இஸ்ரவேலிடமிருந்து எடு" என்று சொன்னார்.
3. மேசா இரவில் புறப்பட்டு, விடியல் முதல் நண்பகல் வரை போரிட்டு நகரை எடுத்து, 7,000 பேரைக் கொன்றான். நகரை அஷ்தார்-காமோஸ் என்ற தெய்வத்துக்குச் சாபத்தீடாக்கினான். கல்லில் உள்ள வினை, எபிரெய வேதத்தின் ஹேரெம் என்ற அதே வேரிலிருந்து வருவது.
4. அங்கிருந்த யாவேயின், அதாவது இஸ்ரவேலின் கர்த்தருடைய, பொருள்களைக் கொண்டுவந்து காமோசின் முன் வைத்தான்.

பெயர்களை மட்டும் மாற்றினால் இது நியாயாதிபதிகள் நூலின் ஒரு பத்தி. இதே மேசாவை வேதமும் அறியும். 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல், யூதா, ஏதோம் ஆகிய மூன்று அரசர்கள் அவனை முற்றுகையிடுகிறார்கள். வெற்றி கிடைக்கும் என்று தீர்க்கதரிசி எலிசா முன்பே சொல்லியிருக்கிறார். வழியின்றிப்போன மேசா தன் மூத்த மகனை மதில்மேல் பலியிடுகிறான். உடனே இஸ்ரவேல்மேல் பெருங்கோபம் மூண்டது, அவர்கள் திரும்பிப் போனார்கள் என்று அதிகாரம் முடிகிறது. யாருடைய கோபம்? காமோசுடையதா, கர்த்தருடையதா, மோவாபியருடையதா? நூல் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லைச் சுற்றி வருகிறார்கள். வேறொரு தெய்வம் தன் மண்ணில் வலிமை காட்டிய நிகழ்ச்சி ஒன்றைப் பழைய பதிவு சொல்லியிருக்க வேண்டும், பிற்காலத்தவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்ற ஊகமே எனக்கு இயல்பாகப் படுகிறது.

## கி.மு. 701: இருதரப்புச் சான்றும் உள்ள போர்

மேலே கண்ட போர்களில் பெரும்பாலானவற்றுக்கு வேதத்துக்கு வெளியே சான்று இல்லை. எரிகோவைப் போன்ற இடங்களில் அகழாய்வு சிக்கலையே கூட்டியது. 1950களில் அங்கு தோண்டிய காத்லீன் கென்யன், மதிலுள்ள நகரம் யோசுவாவுக்குக் கற்பிக்கப்படும் காலத்துக்கு வெகுமுன்பே அழிந்துவிட்டதாக முடிவு செய்தார். சனகெரிபின் படையெடுப்பு அப்படியல்ல. இங்கே அசீரியக் களிமண் பட்டயம், அரண்மனைச் சிற்பம், லாகீஸ் மேட்டின் முற்றுகைச் சாய்தளம், எருசலேமின் அகன்ற மதில், யூதாவின் அரசன் எசேக்கியா வெட்டிய 533 மீட்டர் நீர்ச்சுரங்கம் ஆகிய அனைத்தும் கைவசம் உள்ளன.

கி.மு. 705இல் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் இறந்ததும் பேரரசின் மேற்குப் பகுதி கிளர்ந்தெழுந்தது. யூதாவின் எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினான். 701இல் சனகெரிப் வந்தான். அவனுடைய பட்டயம் சொல்வது: 46 அரணான நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமுக்குள் அடைத்தேன், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் பிறவும் அவன் பிறகு நினிவேக்கு அனுப்பினான். எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் சொல்லவில்லை. எசேக்கியா அரியணையில் நீடித்தான். பெருமையடிப்பதில் சலிப்படையாத அந்த அரசன், தன் அரண்மனையின் சிறப்பான அறையில் செதுக்கச் செய்தது தலைநகரான எருசலேமை அல்ல, இரண்டாம் நிலை நகரமான லாகீசை.

வேதத்தின் பக்கம் பார்த்தால், 2 இராஜாக்கள் 18, 19ஆம் அதிகாரங்கள் பின்வாங்கலுக்கு ஒன்றல்ல, மூன்று காரணங்களைத் தருகின்றன.

1. கப்பம். எசேக்கியா, "குற்றஞ்செய்தேன்" என்று செய்தி அனுப்பி, 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுக்கிறான்; ஆலயக் கதவுகளின் பொற்தகட்டைக்கூடக் கழற்றுகிறான். பொன்னின் அளவு இரு தரப்பிலும் ஒன்றாக இருப்பது, பண்டைய வரலாற்றில் அரிதாகக் கிடைக்கும் பொருத்தம்.
2. வதந்தி. ஒரு செய்தியைக் கேட்டு அவன் தன் நாட்டுக்குத் திரும்புவான் என்று ஏசாயா முன்னறிவிக்கிறார். பிறகு எத்தியோப்பிய அரசன் திராக்கா வருகிறான் என்ற செய்தி வருகிறது.
3. தூதன். இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரிக்கிறான்.

மூன்றும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து இங்கே ஒட்டப்பட்டவை என்பது ஆய்வாளரிடையே நெடுநாளாக ஏற்கப்பட்ட கருத்து. நாளாகமம் எழுதியவர் இவற்றில் கப்பத்தை விட்டுவிட்டார், தூதனை வைத்துக்கொண்டார். சனகெரிப் தன் மகன்களாலேயே கொல்லப்பட்ட செய்தி தூதன் வந்த இரவை அடுத்து உடனே வருவதால் இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவைபோலத் தோன்றும். உண்மையில் அவன் இறந்தது கி.மு. 681இல், 20 ஆண்டுகள் கழித்து.

பாளயத்தில் கொள்ளைநோய் பரவியது என்ற விளக்கம் மிகப் பிரபலம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, எலிகள் ஒரே இரவில் சனகெரிபின் படையின் அம்பறாத்தூணிகளையும் வில்களையும் கடித்துவிட்டதாகக் கிரேக்க எழுத்தாளர் ஹெரொதோத்தஸ் தரும் எகிப்தியக் கதை. எலி என்றால் பிளேக் என்று அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை நடப்பது எகிப்தின் எல்லையிலுள்ள பெலூசியத்தில். அதில் நோயும் இல்லை, எருசலேமும் இல்லை, எழுதப்பட்டதும் இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து. இயற்கை விளக்கம் வேண்டும் என்ற ஆவலில் பலவீனமான சான்றைப் பிடித்துக்கொள்வதும் ஒருவகை நம்பிக்கைதான். கப்பம் பெற்று, நாட்டைப் பாழாக்கி, பிடித்த நகரங்களை அஸ்தோத், எக்ரோன், காசா அரசர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த பேரரசன், மலைமேலுள்ள ஒரு நகரத்துக்காக நீண்ட முற்றுகையின் செலவை ஏற்காமல் திரும்பினான் என்பதே கிடைத்திருக்கும் சான்றுகளுக்குள் அடங்கும் முடிவு. பாளயத்தில் வேறொன்றும் நடக்கவில்லை என்பதற்கு இது நிரூபணம் ஆகாது.

## தலையிடாத நாட்கள்

தெய்வமே போரிடுகிறது என்றால் தோல்வியை எப்படிச் சொல்வது? மேசாவின் கல் காட்டிய வழியே இஸ்ரவேலிலும் இருந்தது: தெய்வம் கோபங்கொண்டது. ஆயி நகரின் முன் 36 பேர் விழுந்தபோது, சாபத்தீட்டிலிருந்து திருடிய ஆகானே காரணம் என்று கண்டறியப்படுகிறது. 1 சாமுவேல் 4ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. பெலிஸ்தரிடம் 4,000 பேரை இழந்த இஸ்ரவேலர், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைக் களத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பூமி அதிரும் ஆரவாரம் எழுகிறது, பெலிஸ்தர் நடுங்குகிறார்கள், ஆனால் விழுந்தவர்கள் 30,000 இஸ்ரவேலர், பெட்டியும் பிடிபடுகிறது. அந்தப் பெட்டியே பிறகு அஸ்தோத்தில் தாகோனின் சிலையைக் குப்புற விழச்செய்து தானாகத் திரும்பி வருகிறது. தலையீட்டை வேண்டும்போது வரவழைக்கும் கருவி கிடையாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. சங்கீதம் 44 மட்டும் இந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது: நாங்கள் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை, ஆனாலும் எங்கள் சேனைகளோடு நீர் புறப்படுவதில்லை என்று அது நேராகவே முறையிடுகிறது.

701இன் தப்பிப்பு ஒரு நூற்றாண்டில் ஓர் உறுதிப்பாடாக இறுகியது: ஆலயம் இருக்கும்வரை எருசலேம் விழாது. தீர்க்கதரிசி எரேமியா அந்த ஆலயத்தின் வாசலில் நின்று, முன்பு பெட்டி இருந்து பாழாகிப்போன சீலோவுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். பாபிலோனியர் சூழ்ந்துகொண்டபோது அரசன் சிதேக்கியா ஆள் அனுப்பிக் கேட்ட கேள்வி 701ஐ மனத்தில் வைத்தே எழுந்தது: கர்த்தர் தம் பழைய அதிசயங்களின்படி செய்து நேபுகாத்நேச்சாரைத் திரும்பச் செய்வாரா? எரேமியா 21ஆம் அதிகாரத்தின் விடை, எகிப்திலிருந்து விடுதலை செய்த கதையின் சொற்களையே எடுத்துத் திருப்புகிறது. நீட்டின கையினாலும் பலத்த புயத்தினாலும் நானே உங்களோடு போரிடுவேன் என்கிறார் கர்த்தர். சில காலத்தில் நகரமும் ஆலயமும் எரிந்தன. காமோசை வணங்கிய நாடு அழிந்தபோது காமோசும் மறைந்தார். யூதா அழிந்தபோது அதன் தெய்வம் மறையவில்லை. தோல்வியையும் அதே கர்த்தரின் யுத்தமாக முன்கூட்டியே எழுதிவைத்த எரேமியாவைப் போன்றவர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

## சும்மாயிருத்தல் என்ற நடைமுறைச் சிக்கல்

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று செங்கடல் கரையில் மோசே சொன்ன வரி, படையே இல்லாத பாரசீகர் காலத்தில் ஆழ வேரூன்றியது. அக்காலத்து நூலாகிய 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில், யோசபாத் அரசன் படைக்கு முன்னால் பாடகரை நிறுத்துகிறான். எதிரிகள் தமக்குள்ளே வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். யூதாவுக்கு மிஞ்சிய வேலை மூன்று நாள் கொள்ளை அள்ளுவது மட்டுமே.

உண்மையான படை ஓய்வுநாளில் வந்து நின்றபோது என்ன செய்வது? கி.மு. 167ஐ ஒட்டி, செலூக்கிய அரசின் வீரர்கள் ஓய்வுநாளில் தாக்கியபோது, குகைகளில் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் கல்லெறியக்கூட மறுத்து இறந்தார்கள் என்று மக்கபேயர் முதல் நூல் கூறுகிறது. கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவர் கூட்டாளிகளும் கூடிப் பேசி, ஓய்வுநாளில் தாக்கப்பட்டால் திருப்பிப் போரிடுவது என்று முடிவு செய்தார்கள். கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தின் இணைத் திருமுறைப் பகுதியில் உள்ள மக்கபேயர் நூல்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், தெபொராள் காலத்து இரட்டைப் பதிவை மறுபடியும் காண்பார். முதல் நூலில் வலிமை வானகத்திலிருந்து வருகிறது, ஆனால் களத்தில் தெரிபவர்கள் மத்தத்தியாவின் மகன் யூதாவும் அவன் ஆட்களுமே. இரண்டாம் நூலில் பொற்கடிவாளம் பூட்டிய குதிரைகள்மேல் ஐந்து ஒளிமிகு வீரர்கள் வானிலிருந்து இறங்கி யூதாவைச் சூழ்ந்து காக்கிறார்கள்.

மத்தத்தியாவின் முடிவு நேரடித் தாக்குதலை எதிர்ப்பதற்கு மட்டுமே இடம் கொடுத்தது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேம் ஆலயத்தை முற்றுகையிட்டபோது இந்த வரம்பைக் கவனித்துக்கொண்டான் என்கிறார் யோசேப்பஸ். ஓய்வுநாள்களில் ரோமர்கள் அம்பு எய்யவில்லை, மதிலேறவில்லை. மண்ணைக் கொட்டி முற்றுகை மேட்டை உயர்த்தவும், இடிக்கும் பொறிகளை நகர்த்தி நிறுத்தவும் மட்டும் செய்தார்கள். மேலே நின்ற காவலர்கள் அதைத் தடுக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் மதில் உடைந்து வீரர்கள் உள்ளே புகுந்தபோதும் ஆசாரியர்கள் பலிபீடத்தருகே தங்கள் அன்றாட வழிபாட்டை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார்கள்.